படி ஏறினால் முட்டி தேயுமா? எலும்பும் தசையும் வேலை செய்யும் விதம்

‘படி ஏறாதீங்க, முட்டி தேஞ்சிடும்.’ ‘எலும்பு தேய்மானம்னு சொல்லிட்டாங்க, கால்சியம் மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன்.’ ‘கழுத்துல நரம்பு பிடிச்சுக்கிச்சு.’ மும்பையில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸில் காலையில் நடப்பவர்களும் சொல்கிறார்கள், தாராவி டீக்கடை வாசலிலும் சொல்கிறார்கள். பிசியோதெரபி என் தொழில் என்பதால் எனக்கு இது அன்றாடப் பேச்சு.

சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சுகளுக்கு அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. எலும்பு என்பது உடம்புக்குள் நட்டு வைத்த கட்டை, புழங்கப் புழங்கத் தேயும், அசைக்காமல் வைத்திருந்தால் நீண்ட நாள் வரும் என்ற எண்ணம். அதை நம்பி, நடக்க வேண்டியவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்த பிறகு உண்மையிலேயே வலு குறைகிறது. பார்த்தீர்களா, சொன்னது சரியாகிவிட்டதே என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இதை மாற்ற வேண்டுமானால் எலும்பு எதனால் ஆனது, தசை எப்படி இழுக்கிறது என்று அடியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். உயிரியல் படிக்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எலும்புக்குள் என்ன இருக்கிறது

ஆட்டுக்கறி வாங்கும்போது நல்லி எலும்பை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நம் தொடை எலும்பின் அமைப்பும் கிட்டத்தட்ட அதேதான். வெட்டிய இடத்தில் சுற்றிலும் கெட்டியான வெள்ளை வளையம். நடுவில் நாம் உறிஞ்சிச் சாப்பிடும் மஜ்ஜை. மூட்டுக்குப் பக்கத்தில் வெட்டியிருந்தால் வளையம் மெலிந்து, உள்ளே சின்னச் சின்னத் துளைகள் நிறைந்த வலைப்பின்னல் தெரியும். இந்த வலைப்பின்னலால்தான் எலும்பு வலுவோடும் இருக்கிறது, எடை குறைவாகவும் இருக்கிறது. எலும்பு முனையில் வழவழப்பாக, கத்தி இறங்கும் அளவுக்கு மிருதுவாக ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அது குருத்தெலும்பு. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

எலும்பு எதனால் ஆனது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாட்கள் ஊற வையுங்கள். வினிகரில் உள்ள அமிலம் எலும்பின் தாது உப்பைக் கரைத்துவிடும். மிச்சமிருப்பது ரப்பராக வளையும். அந்த மிச்சம்தான் கொலாஜன் என்னும் புரத நார். அதே எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்துபோய்த் தாது மட்டும் மிஞ்சும். பார்ப்பதற்கு முழு எலும்பாகவே இருக்கும், அழுத்தினால் பொடியும். தாது அழுத்தத்தைத் தாங்குகிறது, நார் வளைவையும் இழுப்பையும் தாங்குகிறது. எடைக்கணக்கில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தாது, மீதியில் பெரும்பகுதி நார். அந்தத் தாது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு.

வளர்ந்த மனிதருக்கு எலும்புகள் 206. பிறந்த குழந்தைக்கு 300க்குப் பக்கத்தில் துண்டுகள் இருக்கும். வளர வளர அவற்றில் பல ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

இப்போது சொல்வதுதான் பலருக்கும் புதிதாக இருக்கும். எலும்பு உயிருள்ள பொருள். அதற்குள் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, நரம்புகள் இருக்கின்றன, செல்கள் இருக்கின்றன. சில செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. வேறு சில அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகின்றன. மூன்றாவது வகை, எலும்புக்குள்ளேயே புதைந்திருந்து எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று உணர்ந்து, மற்ற இரண்டுக்கும் தகவல் அனுப்புகிறது. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறக்குறைய 10 சதவீதம் ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதிதாகிறது. உடைந்த எலும்பு கூடுவதும் இந்தச் செல்களால்தான். மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. நேராக வைத்த எலும்பு விலகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: எலும்பு தாதுவும் நாரும் சேர்ந்தது. அதற்குள் கரைக்கும் செல், கட்டும் செல், பாரத்தை உணரும் செல் என மூன்று வகை உண்டு. அது ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது.

பாரம் விழும் இடத்தில் எலும்பு கூடும்

ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் ஒரு கருத்தை எழுதி வைத்தார். எலும்பின் மீது விழும் பாரம் மாறினால், அதற்கேற்ப எலும்பின் உள் அமைப்பும் மாறும் என்பது அதன் சாரம். டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுத்தால் இதைப் பார்க்கலாம். மட்டை பிடிக்கும் கையின் எலும்பு இன்னொரு கையைவிடத் தடித்திருக்கும். எதிர்ப்பக்கச் சாட்சி விண்வெளி வீரர்கள். அங்கே உடல் எடையே எலும்பின் மீது விழுவதில்லை. இடுப்புப் பகுதி எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கிறார்கள். அதனால்தான் விண்வெளி நிலையத்தில் தினமும் உடற்பயிற்சி கட்டாயம்.

மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் இதே கதைதான். நீச்சல் இதயத்துக்கும் தசைக்கும் மிக நல்லது. ஆனால் தண்ணீர் நம் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குக் கிடைக்கும் தூண்டல் குறைவு. அதற்கு நடை, படி, எடை தூக்குவது, குதிப்பது எல்லாம் வேண்டும்.

பாரம் நல்லது என்றால் ஒரேயடியாக ஏற்றிக்கொள்ளலாமா? கூடாது. கரைக்கும் செல்கள் தங்கள் வேலையைச் சில வாரங்களில் முடித்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பிக் கெட்டியாக்கக் கட்டும் செல்களுக்கு மாதங்கள் வேண்டும். ஜனவரியில் மும்பை மாரத்தான் என்று டிசம்பரில் திடீரென்று ஓடத் தொடங்குபவர்களின் கணுக்கால், முன்னங்கால் எலும்புகளில் நுண்ணிய விரிசல் விழுவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். எலும்புக்குக் கால அவகாசம் கொடுத்துப் பாரத்தைக் கூட்ட வேண்டும்.

தசை இழுக்கும், தள்ளாது

தேர் வடம் பிடித்தவர்களுக்குத் தசையைப் பற்றிப் பாதி ஏற்கெனவே தெரியும். வடத்தால் தேரை இழுக்கலாம், தள்ள முடியாது. தேர் பின்னால் வர வேண்டுமென்றால் பின்பக்கம் வேறு வடம் கட்டி, அங்கே ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். தசையும் அப்படியே. அதற்குத் தெரிந்த ஒரே வேலை இழுப்பது.

ஆகவே தசைகள் பெரும்பாலும் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. மேற்கையின் முன்பக்கம் பைசெப்ஸ், பின்பக்கம் டிரைசெப்ஸ். பைசெப்ஸ் இழுத்தால் முழங்கை மடங்கும், டிரைசெப்ஸ் இழுத்தால் நீளும். குர்லாவில் லோக்கல் ஏறும்போது முன்னால் நிற்பவரை நெட்டித் தள்ளுகிறோமே, அந்தத் தள்ளலும் உள்ளே இழுப்புதான். டிரைசெப்ஸ் முழங்கையைப் பின்னாலிருந்து இழுத்து நீட்டுகிறது, நமக்கு அது தள்ளலாகத் தெரிகிறது. வண்டி குலுங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஆடாமல் நிற்க, இரண்டு பக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் இழுத்து மூட்டை இறுக்கிவிடுகின்றன. நிற்கும்போது சும்மா நிற்கிறோம் என்று நினைக்கிறோம். கெண்டைக்காலும் முதுகும் அந்த நேரம் முழுக்க வேலை செய்கின்றன.

வடத்தைத் தேரில் கட்ட வேண்டும் அல்லவா? தசையை எலும்போடு கட்டும் நார்க்கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். குதிகாலுக்கு மேலே விரலால் தொட்டுப் பாருங்கள், தடிமனாக ஒன்று தட்டுப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் நாண் அது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் தசையில் பட்ட காயத்தைவிட நாணில் பட்ட காயம் ஆற நாளாகும்.

இந்தக் கட்டு எங்கே விழுகிறது என்பதில் ஒரு வியப்பு உண்டு. பைசெப்ஸின் நாண் முன்கையில் முழங்கை மூட்டிலிருந்து 4, 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இணைகிறது. உள்ளங்கையோ அதே மூட்டிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முழங்கையை நேர்க்கோணத்தில் மடக்கி 5 கிலோ அரிசிப் பையை ஏந்தினால், அந்தத் தசை 5 கிலோவுக்கு இழுத்தால் போதாது. ஏழெட்டு மடங்கு, அதாவது 35 முதல் 40 கிலோவுக்கான விசையோடு இழுக்க வேண்டும். இது நஷ்டம் மாதிரித் தோன்றும். ஆனால் இதே அமைப்பால் தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் கை ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்கிறது. பந்து எறிவதும், விழப்போகும் குழந்தையைச் சட்டென்று பிடிப்பதும் இந்த வேகத்தால்தான் முடிகிறது.

சுருக்கமாக: தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். எதிரெதிர்த் தசைகள் மாறி மாறி இழுப்பதால் மூட்டு மடங்கி நிமிர்கிறது. தசைநாண் அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுசேர்க்கிறது.

சுருங்கும்போது உள்ளே நடப்பது

தசையைப் பிரித்துக்கொண்டே போனால் தலைமுடி அளவுக்கோ அதைவிட மெல்லியதாகவோ இழைகள் வரும். ஒவ்வோர் இழையும் ஒரு தசைச் செல். அதற்குள் இன்னும் மெல்லிய நூல்கள், அந்த நூல்களில் வரிசையாகச் சிறு கட்டங்கள். ஒரு கட்டத்துக்குச் சார்கோமியர் என்று பெயர். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சுமார் 4,000 கட்டங்கள் அடங்கும்.

ஒரு கட்டத்துக்குள் இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தபடி இருக்கின்றன. மெல்லியது ஆக்டின், தடித்தது மயோசின். ஆக்டினை வடமாக எண்ணுங்கள். மயோசினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் வடம் பிடிக்கும் கைகள். ஒரு கை வடத்தைப் பற்றுகிறது, இழுக்கிறது, விடுகிறது, சற்று முன்னால் மறுபடி பற்றுகிறது. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விட்டால் தேர் பின்னால் உருண்டுவிடும். அதனால் சில கைகள் பிடித்திருக்கும்போதே மற்றவை விடுகின்றன. ஒரு கை ஒருமுறை இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். கோடிக்கணக்கான கைகள் சேர்ந்து அதைச் செய்வதால் நாம் படி ஏறுகிறோம்.

இழைகளே மடங்கிச் சுருங்குகின்றன என்று முன்பு பலர் கருதினார்கள். இழைகளின் நீளம் மாறுவதில்லை, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்று 1954-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்து, ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்த கட்டுரைகளாக வெளியிட்டன. ஒரு குழு ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்கே. மற்றது ஹ்யூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன். பெயர் ஒன்றானாலும் இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்ல.

கைகளுக்கு ஆற்றல் தருவது ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. நாம் சாப்பிடும் சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் செல்கள் தயாரித்துக்கொள்ளும் எரிபொருள் இது. பற்றிய கை வடத்தை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். அதனால்தான் இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கிறது. ஏ.டி.பி. தீர்ந்துவிடுகிறது, பற்றிய கைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. நம் வீடுகளில் உயிர் பிரிந்ததும் தாடையைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், கால் பெருவிரல்களை இணைத்துக் கட்டுகிறார்கள். விறைத்த பிறகு அதைச் செய்வது கஷ்டம்.

சரி, எப்போது இழுக்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்கு எப்படித் தெரிகிறது? மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்பு கட்டளை கொண்டுவருகிறது. கட்டளை வந்ததும் தசைச் செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் வெளியே பாய்கிறது. ஆக்டினில் கைகள் பற்றும் இடங்கள் அதுவரை மூடியிருக்கும். கால்சியம் வந்தால் திறக்கும். கால்சியம் மறுபடி உள்ளே இழுக்கப்பட்டதும் தசை தளரும்.

உடலின் கால்சியத்தில் 99 சதவீதம், ஏறக்குறைய ஒரு கிலோ, எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதமுள்ள ஒரு சதவீதம் இல்லாமல் தசை சரியாக இழுக்காது, இதயமும் சீராகத் துடிக்காது. ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்தால் கைவிரல்கள் தாமாகவே மடங்கி இழுத்துக்கொள்ளும். அந்த நிலை வரக்கூடாது என்று உடல் எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் போதாதபோதும், அதைக் குடலில் உறிஞ்சத் தேவையான வைட்டமின் டி போதாதபோதும் இந்தக் கடன் எலும்பின் கணக்கில்தான் விழுகிறது. அடுக்குமாடி வீடு, அலுவலகம், லோக்கல் என்று வெயில் படாமலே நாள் கழியும் மும்பை வாழ்க்கையில் வைட்டமின் டி குறைவு மிகவும் பரவலானது.

எவ்வளவு வலுவாக இழுப்பது?

தேங்காயைத் தூக்குவதும் தேநீர்க் கோப்பையைத் தூக்குவதும் ஒரே தசைதான். ஒரு நரம்புச் செல்லும் அது கட்டளையிடும் தசை இழைகளும் சேர்ந்தது ஒரு குழு. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு இழைகள் இருக்கும், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். லேசான வேலைக்குச் சிறிய குழுக்கள் மட்டும் போதும். பாரம் கூடக் கூடப் பெரிய குழுக்கள் சேரும்.

உடற்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பெருக்காமலேயே வலு கூடுவது இதனால்தான். அதிகக் குழுக்களைச் சேர்த்து அழைக்க மூளை பழகிக்கொள்கிறது. இழைகள் தடிப்பது அதற்கு அப்புறம்.

கழுத்தில் ‘நரம்பு பிடித்துக்கொண்டது’ என்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இறுகியிருப்பது தசை. நரம்பு உண்மையிலேயே அழுத்தப்பட்டால் அடையாளம் வேறு. கையில் மின்னல் வெட்டியது மாதிரி வலி இறங்கும், விரல் மரத்துப்போகும், பிடித்த பொருள் நழுவும். அப்போது மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

மூட்டும் இரண்டு விதமான ‘தேய்மானமும்’

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடம் மூட்டு. எலும்பையும் எலும்பையும் கட்டி, மூட்டு விலகாமல் காப்பது லிகமெண்ட். கால் பிசகும்போது பெரும்பாலும் அதிகமாக இழுபடுவதும் கிழிவதும் இதுதான். எலும்பு முனைகளில் குருத்தெலும்புப் பூச்சு, சுற்றிலும் ஒரு பை, அதற்குள் வழுவழுப்பான திரவம்.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அப்படியானால் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? அந்தத் திரவத்திலிருந்துதான். மூட்டில் பாரம் விழும்போது குருத்தெலும்பு அமுங்கித் திரவத்தை வெளிவிடுகிறது, பாரம் நீங்கும்போது உறிஞ்சிக்கொள்கிறது. அசைவு இல்லாவிட்டால் குருத்தெலும்புக்கு ஊட்டமும் சரியாகப் போகாது. முட்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நடையை நிறுத்துபவர்களிடம் நான் முதலில் விளக்குவது இதைத்தான்.

இப்போது தேய்மானத்துக்கு வருவோம். வயதோடு வரும் மூட்டு நோயில் குருத்தெலும்பு மெலிகிறது, அடியில் உள்ள எலும்பும் சுற்றியுள்ள பையும் பாதிக்கப்படுகின்றன. இது ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். வலிக்கும், இறுகும். வேறொரு நோயில் எலும்பின் அடர்த்தியே குறைந்து உள் வலைப்பின்னல் மெலிகிறது. இது ஆஸ்டியோபோரோசிஸ். இதில் எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலியே இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால் இது வேகமாக வரும். இரண்டையும் நாம் ஒரே பெயரில் பேசிவிடுகிறோம். அதனால் முட்டிக் குருத்தெலும்புப் பிரச்சினைக்குக் கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டு, வலி ஏன் குறையவில்லை என்று காத்திருக்கிறார்கள். கால்சியம் குருத்தெலும்பை வளர்க்காது. எதற்காக எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது உங்கள் உரிமை.

விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டு தேயும் என்பார்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழியால் வருவது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 60 ஆண்டுகளாக ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை.

அப்படியானால் படி ஏறலாமா?

படி ஏறும்போது முட்டியில் உடல் எடையைப் போல சுமார் மூன்று மடங்கு விசை விழுகிறது, இறங்கும்போது இன்னும் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். ஆனால் மூட்டைத் தாங்கிப் பிடித்து, அந்த விசையை ஒரே அதிர்ச்சியாக விழாமல் பரப்பித் தருவது தொடையின் முன்பக்கத் தசை. அது மெலிந்தால் அதே படிகளில் முட்டி அதிகம் சிரமப்படும். முட்டி ஆஸ்டியோஆர்த்ரைடிஸுக்கான சிகிச்சையில் உடற்பயிற்சிக்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பது இதனால்தான்.

வலி இருப்பவர்கள் நாற்காலியிலிருந்து தொடங்கலாம். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். முதலில் ஐந்தாறு முறை, பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம் வீட்டுப் படிகள், கடைசியில் தாதர் ஸ்டேஷன் பாலம். உட்காரும்போதும் இறங்கும்போதும் தசை நீண்டுகொண்டே இழுக்கிறது. பழக்கமில்லாதவர்களுக்கு அதனால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை வலிக்கும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவும் அதைச் சரிசெய்யும் வேலையும். இரண்டு மூன்று நாளில் தணியும், அடுத்த முறை குறைவாக இருக்கும்.

ஆனால் முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்கிய இடத்தில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது கால் திடீரென்று மடிந்து விழப்பார்த்தாலோ, இரவில் தூங்கவிடாமல் வலித்தாலோ பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்கள் முதுகை முன்னால் வளைத்து எடை தூக்கும் பயிற்சிகளைத் தவிர்த்து, யாராவது சொல்லிக்கொடுக்க, பக்கத்தில் பிடிமானத்தோடு செய்ய வேண்டும்.